ஏட்டின் மேல் விளையும் தங்கம்!

பழைய அயர்ன் பாக்ஸ் ரிப்பேருக்குப் போனபோது, கடைக்காரர் அதைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சூடேறும் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் ஒரு தகடு இருக்கும். கண்ணாடி மாதிரி மினுங்கும், ஆனால் கண்ணாடி இல்லை. ஓரத்தை நகத்தால் கீறினால் பாலேடு மாதிரி ஏடு ஏடாக உரிந்து வரும். ரிப்பேர் கடையில் அதற்கு 'மைக்கா' என்று பெயர். எங்கள் சித்த மருத்துவத்தில் அப்பிரகம்! அதில் கறுப்பு வகையை எடுத்து, சுத்தி செய்து, அரைத்து, புடம் போட்டுத்தான் அப்பிரகச் செந்தூரம் செய்கிறோம்.

இதே மைக்காவுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதன் ஏட்டின் மேல் தங்கத்தைப் பயிர் செய்கிறார்கள்! மைக்காவில் மட்டுமில்லை... பென்சில் கரியில் உரித்த ஏடு, கறுப்பு கிரீஸில் இருக்கும் ஒரு தாதுவின் ஏடு என்று பல ஏடுகளின் மேல் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றின் மிக மிக நுண்ணிய படிகங்களை வளர்க்கிறார்கள்.

'என்னடா இது, சித்த வைத்தியர் பௌதிகப் பாடம் எடுக்கிறாரே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. 'நானோ தங்கம்', 'நானோ வெள்ளி' என்று லேபிள் ஒட்டிய பாட்டில்கள் நம் வீடுகளுக்குள் வர ஆரம்பித்துவிட்டன. ஞாபக சக்திக்கு, நோய் எதிர்ப்புக்கு, சர்க்கரைக்கு என்று எல்லாவற்றுக்கும் சொட்டு மருந்து! நானோ உலோகம் என்பது நிஜத்தில் என்ன, அதை எப்படி வளர்க்கிறார்கள், எதற்காக வளர்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுக்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் அகலம் ஏழாயிரத்துச் சொச்சம். தங்க அணுக்களை வரிசையாக அடுக்கினால், 1 நானோமீட்டருக்குள் மூன்றரை அணுதான் கொள்ளும்!

மைக்காவின் ஒரு ஏடு சுமார் 1 நானோமீட்டர் கனம். அதாவது, சாதாரண காகிதக் கனத்தில் இருக்கும் மைக்காத் தகட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏடுகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் அணுக்கள் கெட்டியாகக் கைகோர்த்து நிற்கின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில்தான் பிடி தளர்வு. அதனால்தான் நகம் பட்டதும் உரிகிறது.

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் இதே ஜாதி. நாம் எழுதும்போது அதன் ஏடுகள் உரிந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். 2004-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பை கிராஃபைட் மேல் ஒட்டி ஒட்டி உரித்து, கடைசியில் ஒரே ஒரு அணு கனமுள்ள ஏட்டைப் பிரித்துக் காட்டினார்கள். அதுதான் கிராஃபீன். 2010-ல் இதற்கு நோபல் பரிசு! டேப்புக்கு நோபல் பரிசா என்று சிரிக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து வேலை செய்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

மூன்றாவது, மாலிப்டினம் டைசல்ஃபைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெக்கானிக் கடையில் கறுப்பாக ஒரு கிரீஸ் போடுவார்களே, அதில் சேர்க்கும் பொருள் இது. மாலிப்டினம் நடுவில், கந்தகம் மேலும் கீழும்... நம் வீட்டுப் போளி மாதிரி! பூரணம் மாலிப்டினம், மேல் மாவு கந்தகம். இப்படி ஒரு போளியின் மொத்தக் கனமே 1 நானோமீட்டருக்கும் குறைவு. போளி மேல் போளியாக வழுக்கிக்கொண்டு போவதால்தான் அது கிரீஸுக்குப் பயன்படுகிறது.

உலோகம் சின்னதானால் குணம் மாறும்

சரி, உலோகத்தை ஏன் அவ்வளவு சின்னதாக்க வேண்டும்?

ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்தில் ஒரு தங்கக் கட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால்? எடை அதேதான். ஆனால் எல்லாக் கட்டிகளின் மேல்பரப்பையும் கூட்டினால் 600 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிரவுண்டு! சுண்டு விரல் நகம் அளவு தங்கத்துக்குள் இரண்டே முக்கால் கிரவுண்டு நிலம் ஒளிந்திருக்கிறது. ரசாயன வேலை எல்லாம் நடப்பது மேல்பரப்பில்தான் என்பதால், இது சாதாரண விஷயமில்லை.

நிறமும் மாறும். 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாக இருக்காது, மாதுளை ஜூஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். 1857-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இப்படிச் சிவப்புத் தங்க நீர் தயாரித்தார். அதில் உப்பைப் போட்டால் நீலமாக மாறுவதையும் கவனித்து எழுதி வைத்தார்.

இந்தச் சிவப்பை உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். கர்ப்பத்தை உறுதி செய்ய மருந்துக் கடையில் வாங்கும் பட்டையில் ஒரு ரோஸ் நிறக் கோடு விழுகிறதல்லவா? 2020-க்குப் பிறகு கொரோனா டெஸ்ட் கிட்டிலும் விழுந்ததே? பல கிட்களில் அந்தக் கோட்டின் நிறம் நானோ தங்கத்தின் நிறம்தான். தங்கம் குடும்பத்துக்கு எத்தனையோ சந்தோஷச் செய்தி கொண்டுவந்திருக்கிறது... இதுவும் ஒன்று!

ஃபாரடேயின் உப்புக்கு வருவோம். உப்பு போட்டதும் ஏன் நீலமானது? தனித்தனியாக இருந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி சேர்ந்துவிட்டன. நானோ உலோகத்தின் பெரிய தலைவலியே இதுதான். அது தனியாக இருக்கவே விரும்பாது. ரவா உப்புமா கிளறும்போது கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டிவிடுகிறதே, அந்தக் கதை. இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய படிகத்துக்குப் பக்கத்தில் சின்னப் படிகம் இருந்தால், சின்னது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்ப் பெரியதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இரண்டே முக்கால் கிரவுண்டு நிலம் அரை கிரவுண்டாகச் சுருங்கிவிடும்.

இங்கேதான் ஏடு உதவிக்கு வருகிறது.

கற்கண்டு நூலும் புள்ளிக் கோலமும்

பனங்கற்கண்டை வாயில் போட்டுக் கடிக்கும்போது நடுவில் ஒரு நூல் வரும், கவனித்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை. பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிட்டால்தான், கரைந்திருக்கும் சர்க்கரை உட்கார ஓர் இடம் கிடைத்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். கரைசலில் உள்ள உலோகத்துக்கும் அப்படித்தான். உட்கார இடம் கொடுத்தால், கண்ட இடத்தில் கட்டி தட்டாமல் அங்கே முளைவிடும். உலோகத்துக்கு அந்த நூலாக இருப்பது நம் ஏடு.

ஆனால் நூல் இடம்தான் கொடுக்கும். ஏடு இன்னொன்றும் கொடுக்கும்... திசை!

அம்மாக்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். கோலத்தில் இடைப்புள்ளி வைப்பீர்களே, ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசையின் புள்ளி விழும்படி, அதே ஒழுங்கில்தான் மாலிப்டினம் போளியின் மேல் கந்தக அணுக்கள் நிற்கின்றன. தங்க அணுக்கள் நெருக்கியடித்து ஓர் அடுக்காக உட்கார்ந்தாலும் இதே இடைப்புள்ளி ஒழுங்கில்தான் உட்காரும். ஆகவே கீழே போட்ட கோலத்தின் திசையைப் பார்த்து மேலே தங்கமும் தன் கோலத்தைப் போடுகிறது. பல இடங்களில் முளைக்கும் படிகங்கள் முக்கோண முக்கோணமாக, ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே திசையைப் பார்த்து நிற்கும்.

புள்ளிகளின் இடைவெளி மட்டும் கொஞ்சம் வேறு. கந்தகப் புள்ளிகளுக்கு இடையில் 0.316 நானோமீட்டர், தங்கத்துக்கு 0.288. கந்தகம் 10 இடைவெளி போகும் தூரத்தில் தங்கம் 11 இடைவெளி போய்விடும். சாதாரணப் படிகத்தின் மேல் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், மேலே வளர்கிறது முறுக்கிக்கொண்டு உடையும். ஏட்டின் மேல் அப்படி ஆவதில்லை. ஏன் என்றால், ஏட்டின் மேல்பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருக்கும் அணு எதுவும் கிடையாது. எல்லாம் தங்களுக்குள்ளேயே கைகோர்த்துவிட்டன. ஆகவே விருந்தாளியை இறுக்கிப் பிடித்து இம்சை செய்யாமல், மெல்ல வழி மட்டும் காட்டுகின்றன.

இப்படிக் கீழ்ப் படிகத்தின் ஒழுங்கைப் பார்த்து மேல் படிகம் வளர்வதற்கு 'எபிடாக்ஸி' என்று பெயர் வைத்தவர் லூயி ரோயே என்ற பிரெஞ்சுக்காரர், 1928-ல். அவர் உப்புப் படிகங்களை வளர்த்துப் பார்த்த பரப்புகளில் ஒன்று எது தெரியுமா? நம்ம மைக்காதான்!

1964-ல் இங்கிலாந்தில் பாஷ்லி என்பவரும் அவருடைய சகாக்களும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு உள்ளேயே தங்கத்தையும் வெள்ளியையும் ஆவியாக்கி, மாலிப்டினம் தாதுவின் ஏட்டின் மேல் அது படியும்போதே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அங்கங்கே தீவு தீவாக முளைக்கிறது. தீவுகள் வளர்ந்து தொட்டுக்கொண்டதும், வாழை இலையில் தண்ணீர்த் துளிகள் ஒன்றாவது போல, திடமான தங்கம் திரவம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கலக்கிறது! படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. புடத்துக்குள் என்ன நடக்கிறது என்று இப்படி உள்ளே உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு யாராவது ஒரு வழி செய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அந்த வேலைக்கு வெற்றிடம் வேண்டும், பெரிய கருவி வேண்டும். தண்ணீரில் வைத்தே செய்ய முடியுமா? 2013-ல் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹுவா ஜாங் குழுவினர் செய்து காட்டினார்கள். ஏடு உரிப்பதற்கு அந்தக் குழு கையாண்ட வழி ரொம்ப சுவாரசியமானது. நம் செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியத்தை, பேட்டரி சார்ஜ் ஏற்றுகிற மாதிரியே, மாலிப்டினம் ஏடுகளின் இடுக்கில் நுழைய விடுகிறார்கள். பிறகு அதை எடுத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். லித்தியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவது போல, அந்த வாயு ஏடுகளை மேலும் கீழும் தள்ளிப் பிரித்துவிடும். ஒற்றை ஏடுகள் தண்ணீரில் மிதக்கும்.

இப்படிப்பட்ட ஒற்றை ஏடுகள் மிதக்கும் நீரில் உலோக உப்பைக் கரைக்கிறார்கள். உப்பில் இருக்கும் உலோகத்தைப் பிரித்துப் படிய வைக்க ஒரு துணைப்பொருள் வேண்டும். இந்த மாதிரி வேலைகளுக்கு வழக்கமாக எடுப்பது என்ன என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி, எலுமிச்சைப் புளிப்பின் உப்பான சிட்ரேட்! சிலவற்றுக்கு வெளிச்சமும் வேண்டும். சிங்கப்பூர் குழு இப்படிச் சாதாரண அறைச் சூழ்நிலையிலேயே பல்லேடியம், பிளாட்டினம், வெள்ளி மூன்றையும் ஒற்றை ஏட்டின் மேல் வளர்த்தது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் வேலையில், அந்தப் பிளாட்டினம் கடையில் விற்கும் அதே அளவு பிளாட்டினத்தை விட நன்றாக வேலை செய்தது.

வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் இருக்கும் ஒட்டுறவு உங்களுக்குத் தெரியாததில்லை. வெள்ளி ஸ்பூனால் முட்டை சாப்பிட்டால் ஸ்பூன் கறுக்கிறதே, முட்டையில் இருக்கும் கந்தகம் செய்கிற வேலைதான் அது. இந்த ஒட்டுறவு ஏட்டின் மேல் உலோகம் நகர்ந்து போகாமல் பிடித்து வைக்கவும் உதவுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒற்றை ஏடுகளுக்கும் அதே கெட்ட பழக்கம். காயவைத்தால் திரும்பவும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பழைய கட்டியாகிவிடும். அப்பளம் இட்டு அடுக்கும்போது ஒட்டாமலிருக்க நடுவில் மாவு தூவுவோம் இல்லையா? ஏட்டின் மேல் முளைத்த உலோகப் படிகங்கள் அந்த மாவு வேலையைச் செய்கின்றன. உலோகம் கட்டி சேராமல் ஏடு காக்கிறது. ஏடு ஒட்டிக்கொள்ளாமல் உலோகம் காக்கிறது. நல்ல தாம்பத்தியம்!

நம் உடம்புக்கு இதனால் என்ன?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஏட்டு உலோகத்தால் மருத்துவத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி, நோயையும் கலப்படத்தையும் கண்டுபிடிக்கிற பக்கத்தில்தான். வயிற்றுக்குள் போகிற பக்கத்தில் இல்லை.

நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது ஞாபகமிருக்கிறதா? ஒரு பொருளின் மேல் விழும் ஒளி சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும், கைரேகை மாதிரி. ஆனால் அந்தப் பங்கு சுமாராக ஒரு கோடியில் ஒன்று! அவ்வளவு மங்கலான சமிக்ஞையை வைத்துக்கொண்டு, பாலில் கடுகளவு கலந்த விஷத்தை எப்படிப் பிடிப்பது?

1974-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒரு பொருளை வைத்துப் பார்த்தபோது இந்தச் சமிக்ஞை எக்கச்சக்கமாக வந்தது. வெள்ளிதான் அதை லட்சக்கணக்கான மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது என்பது 1977-ல் புரிந்தது. பெருக்கல் எங்கே அதிகம்? இரண்டு நானோ படிகங்கள் நெருங்கி நிற்கும் இடுக்கில். ஏட்டின் மேல் படிகங்களை ஒழுங்காக வளர்க்க முடிந்தால் அந்த இடுக்குகளையும் ஒழுங்காக அமைக்கலாம். அதோடு, கிராஃபீன் ஏடு சோதிக்க வேண்டிய மூலக்கூறுகளைத் தன் மேல் படுக்க வைத்துக்கொள்கிறது, இடைஞ்சல் செய்யும் வேறு மினுக்கொளியையும் அணைத்துவிடுகிறது. காய்கறி மேல் இருக்கும் பூச்சிமருந்து, சாப்பாட்டில் சேர்க்கும் சாயம், ரத்தத்தில் தலைகாட்டும் நோய் அறிகுறிப் பொருள்கள் என்று பலவற்றையும் இந்த வழியில் பிடிக்க ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. கிராஃபீன் ஏட்டில் வெள்ளியை வளர்த்து, கிருமிகளைக் கொல்லும் பூச்சு செய்யும் ஆராய்ச்சியும் உண்டு. பூச்சு... பாட்டில் மருந்து இல்லை!

'நம்ம பற்பமும் இதுதானே?'

ஒரு நாள் ஒரு தாய் ஐந்து வயதுப் பையனை அழைத்துக்கொண்டு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். சிவப்புத் திரவம், ஏதோ 'நானோ ஸ்வர்ண' என்று பெயர்.

"ஐயா, இது நம்ம தங்க பற்பம்தானாம்... விஞ்ஞான முறைப்படி செஞ்சதாம். தினம் பத்துச் சொட்டு குடுத்தா படிப்பு நல்லா வரும்னு சொன்னாங்க."

"யாரும்மா சொன்னது? டாக்டரா?"

"இல்லீங்கய்யா, எங்க ஃபிளாட்ல ஒருத்தங்க விக்கிறாங்க."

லேபிளைப் புரட்டிப் பார்த்தேன். மருந்து லைசென்ஸ் எண் இல்லை. பேட்ச் எண் இல்லை. சொட்டில் எவ்வளவு தங்கம் என்றும் இல்லை. "நானோ" மட்டும் நான்கு இடத்தில் இருந்தது! வேண்டாம் என்று சொல்லி, பையனின் கண் பார்வையைச் சோதிக்க அனுப்பினேன். போர்டில் எழுதுவது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டதும் படிப்பு சரியாகிவிட்டது.

பற்பமும் நானோவும் ஒன்று என்கிற பேச்சு எங்கள் ஆட்களிடமும் உண்டு. பெருமைக்காகச் சொல்கிறார்கள். அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. ஆயுர்வேதத் தங்க பஸ்மத்தை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஒரு கட்டுரையில், அதிலிருந்த தங்கப் படிகங்களின் அளவு 56, 57 நானோமீட்டர் என்று கண்டிருந்தார்கள். அளவு நானோதான், மறுக்கவில்லை. அளவு ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றாகிவிடுமா? கடுகும் கசகசாவும் சின்னதுதான்!

பற்பத்தில் அந்தத் துகள்கள் மூலிகைச் சாற்றின் மிச்சம், புடத்தின் சாம்பல் எல்லாவற்றோடும் சேர்ந்து திரண்டிருக்கும். நாங்கள் பார்ப்பது விரல் ரேகையில் பதிகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா, உலோகப் பளபளப்பு போய்விட்டதா என்றுதான். பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில், அப்பிரகச் செந்தூரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரே ஒரு மினுக்கு தெரிந்தாலும் 'இன்னும் ஒரு புடம் போடு' என்பார்கள். யோசித்துப் பாருங்கள், அப்பிரகத்தின் ஏடு அழிந்தால்தான் எங்களுக்கு மருந்து. ஏடு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தால்தான் அவர்களுக்குத் தங்கம் விளையும்! ஒரே மைக்கா, நேர் எதிரான இரண்டு வேலைகள். சித்தர்களின் பெருமைக்கு நானோ பட்டம் தேவையில்லை. அந்தப் பட்டத்தைச் சொல்லிப் பாட்டில் விற்கிறவர்களுக்குத்தான் தேவை.

நானோ வெள்ளி குடிக்காதீர்கள்

தங்கத்தை விட எனக்குக் கவலை தருவது வெள்ளித் தண்ணீர்தான். கிருமிகளை வெள்ளி கொல்லும் என்பது உண்மை. தீக்காயத்துக்கு வெள்ளி சேர்ந்த களிம்பை டாக்டர்கள் தருகிறார்களே. அது புண்ணின் மேல், சில நாட்களுக்கு, டாக்டர் சொல்கிற அளவுக்கு. 'மேலே தடவினால் கொல்கிறது, உள்ளே குடித்தாலும் கொல்லும்' என்று கணக்குப் போட்டால் கதை வேறு.

குடித்த வெள்ளியில் ஒரு பகுதி வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலக்கும். ரத்தம் அதைத் தோல் வரை கொண்டு போகும். அங்கே என்ன இருக்கிறது? கந்தகம் சேர்ந்த புரதங்கள் இருக்கின்றன. மேலே சூரிய வெளிச்சமும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஏட்டின் மேல் வெள்ளி வளர என்னென்ன தேவை என்று பார்த்தோம்? வெள்ளி உப்பு, பிடித்துக்கொள்ளக் கந்தகம், கொஞ்சம் வெளிச்சம். அத்தனையும் நம் தோலில் தயாராக இருக்கிறது! பழைய ஃபோட்டோ பிலிம் வெளிச்சம் பட்டுக் கறுக்குமே, அதைப் போலத் தோலுக்குள் வெள்ளித் துகள்கள் முளைத்துப் படியும். முகம், கழுத்து, கை என்று வெயில் படும் இடங்கள் எல்லாம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும். 'ஆர்ஜிரியா' என்று இதற்குப் பெயர். மருந்தை நிறுத்தினாலும் அந்த நிறம் தானாகப் போவதில்லை. சோப்போ, குளியல் பொடியோ, எங்கள் தைலமோ ஒன்றும் செய்யாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-லேயே, கடையில் தாராளமாக விற்ற கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பலனுள்ளவை என்று ஏற்க முடியாது என அறிவித்துவிட்டது.

உடனே, "வெள்ளி டம்ளரில் குழந்தைக்குப் பால் கொடுக்கிறோமே?" என்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். கெட்டி வெள்ளியிலிருந்து பாலில் கரைவது ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். இரண்டே முக்கால் கிரவுண்டு கணக்கு இங்கே ஞாபகம் வரட்டும், டம்ளருக்கு அவ்வளவு மேல்பரப்பு கிடையாது. ஸ்வீட்டின் மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கும் ரொம்ப சொற்பம். அதில் பயப்பட வேண்டியது வெள்ளிக்கு இல்லை, வெள்ளி என்று சொல்லி ஒட்டுகிற அலுமினியத்துக்கு.

தங்கம், வெள்ளி, அப்பிரகம் சேர்ந்த சித்த மருந்து எதுவானாலும், பட்டம் பெற்ற மருத்துவர் உங்களைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும். டப்பாவில் தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். எத்தனை நாள், என்ன அனுபானம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பக்கத்து வீட்டு யோசனையில் எந்த உலோக மருந்தையும் தொட வேண்டாம்.

ஏற்கெனவே வெள்ளிச் சொட்டு குடித்துக்கொண்டிருக்கிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். நக அடியிலும் ஈறிலும் நீலச் சாயல் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் இதை அவசியம் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெள்ளி அந்த மாத்திரைகளை உடம்பில் சரியாகச் சேரவிடாமல் தடுக்கக்கூடும். அடுத்த தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட் எடுத்துப் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.